மூன்றாம் தரப்பு இல்லாத உடன்பாடு: சர்க்கரை ஆலைகளின் உறுதிமொழியும் விழுப்புரத்தின் நீரும்

சட்டத்தால் முழுமையாக ஆகாத சுற்றுச்சூழல் பாதுகாப்பைத் தொழில் நடத்துவோரின் ஒப்புதலோடு சாதிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் நடந்த மிகப் பெரிய சோதனை 2003 மார்ச்சில் தொடங்கியது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களின் பிரதிநிதிகளோடு பேசி, சுற்றுச்சூழல் பாதுகாப்பில் நிறுவனங்களின் பொறுப்பு குறித்த சாசனம் ஒன்றை வெளியிட்டன. சிமென்ட், காகிதம், தோல், சாயப்பொருள், பூச்சிக்கொல்லி, அனல்மின், சர்க்கரை, எரிசாராயம் என ஒவ்வொரு தொழிலும் இன்னின்ன வேலையை இன்ன தேதிக்குள் செய்து முடிப்பதாக அதில் ஒப்புக்கொண்டது. விழுப்புரம் மாவட்டத்துக்கு இவற்றில் முக்கியமானவை சர்க்கரையும் எரிசாராயமும். முண்டியம்பாக்கம், செஞ்சியை அடுத்த செம்மேடு, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பெரியசெவலை ஆகிய ஊர்களில் சர்க்கரை ஆலைகள் எழுந்தன. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரியும்வரை மூங்கில்துறைப்பட்டும் கச்சிராயபாளையமும் இதே மாவட்டத்துக் கணக்கில் இருந்தன. கரும்பையும் கிணற்றையும் நம்பி வாழும் மாவட்டம் இது. தில்லியில் கொடுக்கப்பட்ட ஒரு வாக்குறுதி வயல்வெளியில் என்ன பெறும் என்று நிறுத்துப் பார்க்க ஏற்ற இடமும் இதுவே.

தன்விருப்ப உடன்பாடுகளை வெறும் கண்துடைப்பு என்று ஒதுக்குவோர் உண்டு. ஆய்வாளரை ஏவும் பழைய முறைக்கு அதுவே நாகரிகமான மாற்று என்று போற்றுவோரும் உண்டு. சர்க்கரை ஆலைகளின் அனுபவத்தை ஊன்றிப் பார்த்தால் இரண்டு முடிவுமே நிற்கவில்லை. சட்டத்திடம் இல்லாத நல்ல அளவுகோலை ஓர் உடன்பாட்டால் கண்டுபிடித்துத் தர முடியும். அந்த அளவுகோலைக் காவல் காக்கும் வலு அதற்கு இல்லை. காவலுக்கு இரண்டு கூறுகள் வேண்டும். கழிவுநீரின் கேடு யார் நிலத்தில் விழுமோ அவர்களும் உடன்பாட்டில் ஒரு தரப்பாக இருக்க வேண்டும். வாக்குறுதி எந்த நாளில் சட்டமாகும் என்பது அந்த வாக்குறுதியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். 2003 சாசனத்தில் இவை இரண்டுமே இல்லை. அதன் விலையைத்தான் பிறகு கொடுக்க வேண்டியிருந்தது.

ஆலைக்குள் நீர் என்ன ஆகிறது?

கரும்பின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர்தான். சாற்றைக் காய்ச்சும்போது அந்த நீர் ஆவியாகி, குளிர்ந்து, மறுபடி நீராகிறது. அதைப் பிடித்து ஒழுங்காகச் சுழற்றினால் ஆலை ஆற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ எடுக்க வேண்டிய நீர் மிகவும் குறைந்துவிடும். கவனமில்லாமல் நடத்தினால் இயந்திரங்களைக் குளிர்விக்கும் எண்ணெய் கலந்த நீர், தரை கழுவிய நீர், தெளிப்புக் குளத்தில் வழியும் நீர், ஆவிக்கலன்களைக் காஸ்டிக் சோடா இட்டுக் கழுவும் நாள்களில் வெளிவரும் காரநீர் எல்லாம் சேர்ந்து ஓடையாகப் பெருகும். இதில் கரைந்துள்ள சர்க்கரை நஞ்சு இல்லைதான். ஆனால் ஏரியில் சேர்ந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை முழுதும் எடுத்துக்கொள்ளும். மீன் சாகும், நீர் கறுத்து நாறும். எரிசாராய ஆலையின் நிலைமை இதைவிடக் கடுமை. ஒரு லிட்டர் சாராயத்துக்கு 8 முதல் 15 லிட்டர்வரை பழுப்பு நிறக் கழிவு வருகிறது. நீர்நிலையில் விடத் தகுந்த அளவைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் அது ஆக்சிஜனைக் கேட்கும். பல நூறு ஏரிகளும் அவற்றை ஒட்டிய கிணறுகளுமே பாசனத்துக்கு அடிப்படையாக உள்ள இந்த மாவட்டத்தில், தரையில் விட்ட நீர் தரையோடு போய்விடுவதில்லை. பக்கத்து வயல்காரரின் மோட்டார் அதை மீண்டும் மேலே கொண்டுவருகிறது.

சாசனம் வருவதற்கு முன்பும் சட்டம் இருந்தது. 1974 நீர்ச் சட்டப்படி ஆலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை பெற வேண்டும். வெளியேறும் நீரில் மாசு ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அளவு விதிக்கப்பட்டிருந்தது. இந்த வகை அளவில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நல்ல தண்ணீரைக் கூடுதலாகக் கலந்துவிட்டால் ஆய்வகச் சோதனையில் தேறிவிடலாம். ஏரிக்குப் போகும் மொத்தக் கழிவு குறையாது, நிலத்தடி நீரும் கூடுதலாகச் செலவாகும். இதைத் தடுக்க 1993-இல் கழிவுநீரின் மொத்த அளவுக்கும் ஒரு வரம்பு வந்தது. சர்க்கரை ஆலைக்கு அது ஒரு டன் கரும்புக்கு 400 லிட்டர். 2003 சாசனம் இந்த வரம்பை ஒரே தாவலில் 100 லிட்டராகக் குறைத்தது; 2004 ஏப்ரலுக்குள் அதை எட்டுவதாக ஆலைகள் ஒப்புக்கொண்டன. பாசனத்துக்கு நீர் தேவைப்படாத நாள்களுக்காகச் சுத்திகரித்த நீரை 15 நாள் தேக்கிவைக்கும் வசதி, அரவை தொடங்க ஒரு மாதம் முன்பே சுத்திகரிப்பு நிலையத்தை ஓடவிடுதல், 2004 டிசம்பருக்குள் ஆறுகளிலும் ஏரிகளிலும் கழிவுநீரை விடுவதை அடியோடு நிறுத்துதல் ஆகியவையும் பட்டியலில் இருந்தன. எரிசாராய ஆலைகள் தம் கழிவில் பாதியை 2004 மார்ச்சுக்குள்ளும், முக்கால் பங்கை 2005 மார்ச்சுக்குள்ளும், முழுவதையும் 2005 டிசம்பருக்குள்ளும் பயன்படுத்தித் தீர்ப்பதாக ஏற்றன.

இவை தொழில் தெரிந்தவர்கள் எழுதிய வாசகங்கள் என்பது படித்தவுடன் தெரியும். சுத்திகரிப்பு நிலையத்தை ஒரு மாதம் முன்பே ஓட்ட வேண்டும் என்பதையே எடுத்துக்கொள்வோம். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் அரவை இல்லாத மாதங்களில் இரையின்றிக் குறைந்துபோகும். அரவை தொடங்கும் நாளில்தான் நிலையத்தையும் தொடங்கினால் முதல் சில வாரங்கள் கழிவுநீர் அப்படியே வெளியேறும். சட்டப் புத்தகத்தை மட்டும் படித்தவருக்கு இது தோன்றியிருக்காது. ஆலையை ஓட்டியவரோடு பேசியதால்தான் தோன்றியது. தன்விருப்ப உடன்பாட்டின் உண்மையான பயன் இங்கே இருக்கிறது. ஒழுங்குபடுத்துவோருக்கும் தொழில் நடத்துவோருக்கும் இடையே உள்ள அறிவு இடைவெளியை அது குறைக்கிறது. 1992-இல் மத்திய அரசு வெளியிட்ட மாசுக் குறைப்புக் கொள்கை அறிக்கை, சட்டம், நிதிச் சலுகை ஆகியவற்றோடு தன்விருப்ப உடன்பாட்டையும் ஒரு கருவியாகச் சொன்னதற்கு நியாயம் இருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த வாக்குறுதிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதும் புரியும். நாளொன்றுக்கு 3,000 டன் அரைக்கும் ஆலையை எடுத்துக்கொண்டால், பழைய வரம்பில் தினம் 12 லட்சம் லிட்டர் கழிவுநீர் வரும். புதிய வரம்பில் 3 லட்சம் லிட்டர். 15 நாள் தேக்கிவைக்க முதல் கணக்கில் 1 கோடியே 80 லட்சம் லிட்டருக்கு இடம் வேண்டும். இரண்டாவதில் 45 லட்சம் லிட்டருக்கு வேண்டும், அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கரில் நாலடி ஆழக் குட்டை. ஆகவே டன்னுக்கு 100 லிட்டர் என்ற வாக்கு தவறினால் 15 நாள் என்ற வாக்கும் தானாகத் தவறிவிடும். விழுப்புரத்துக்கு இது இன்னும் அழுத்தமான கணக்கு. வடகிழக்குப் பருவமழையில்தான் இங்கே ஏரிகள் நிரம்புகின்றன. மழை முடியும் நேரமும் அரவை சூடுபிடிக்கும் நேரமும் நெருங்கி வருகிற ஆண்டுகளில் வயல்கள் ஈரமாகவே கிடக்கும். ஆலை நீரை ஏற்க யாரும் முன்வரமாட்டார்கள். நாடு முழுவதுக்கும் பொதுவாக எழுதப்பட்ட 15 நாள் இந்த மாவட்டத்தின் மழைக்குப் போதுமா என்று கேட்க வேண்டியவர்கள் இங்குள்ள விவசாயிகள். அவர்களைக் கேட்கும் ஏற்பாடு சாசனத்தில் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுத் தாமதம்

பிறகு என்ன நடந்தது என்பதற்குச் சாசனத்துக்கு அடுத்து வந்த அரசாணைகளே சான்று. 2014 பிப்ரவரியில் மத்திய வாரியம் அதே 17 வகைத் தொழில்களுக்கும் கழிவைத் தொடர்ந்து அளந்து இணையம் வழி அனுப்பும் கருவிகளைப் பொருத்த உத்தரவிட்டது. 2016 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டுச் சர்க்கரை ஆலைகளுக்குப் புதிய அளவுகள் வந்தன: சுத்திகரித்த கழிவுநீர் டன்னுக்கு 100 லிட்டர், குளிர்விப்பு நீரின் வழிவுக்குத் தனியாக இன்னொரு 100 லிட்டர், 15 நாள் தேக்க வசதி, கொதிகலன் புகையில் துகள் அளவு 150 மில்லிகிராம். இவை பெரும்பாலும் 2003 சாசனத்தின் எண்களே. 2004-க்குள் நடக்கும் என்று ஒப்புக்கொண்டதை 2016-இல் விதியாக எழுத வேண்டியிருந்தது என்பதற்கு ஒரே பொருள்தான் உண்டு: வாக்கு தானாக நிறைவேறவில்லை. விதியாக வந்தபோதும் குளிர்விப்பு நீருக்குத் தனி ஒதுக்கீடு தரப்பட்டது; மொத்தம் 200 லிட்டர் ஆனது. இதற்கு இடையே 2007, 2008, 2009 என்று ஒவ்வோர் அரவைப் பருவத்திலும் எண் தாளில் இருந்தது. அதை மீறினால் என்ன ஆகும் என்ற விடை மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

உலகின் மற்ற இடங்களிலும் கதை பெரிதாக வேறுபடவில்லை. 1984 போபால் பேரழிவுக்குப் பிறகு வேதித்தொழில் நிறுவனங்கள் 1985-இல் கனடாவில் ‘பொறுப்பான அக்கறை’ என்ற தன்விருப்பத் திட்டத்தைத் தொடங்கிப் பல நாடுகளுக்கும் கொண்டுபோயின. அமெரிக்காவில் அத்திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களைச் சேராதவற்றோடு ஒப்பிட்டு கிங், லெனாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உறுப்பினர்கள் மற்றவர்களைவிட வேகமாக மாசைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. கெட்ட பெயரிலிருந்து ஒதுங்க உறுப்பினர் என்ற அடையாளம் பயன்பட்டது; சேர்ந்தவரைச் செய்யவைக்கும் கட்டாயம் இல்லை. ஐரோப்பியக் கார் நிறுவனங்கள் 2008-க்குள் புதிய கார்களின் கரியமில வாயுவைக் கிலோமீட்டருக்கு 140 கிராமாகக் குறைப்பதாக 1998-இல் ஒப்புக்கொண்டன. அந்த இலக்கு எட்டப்படவில்லை. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் அபராதத்தோடு கூடிய சட்டம் இயற்றியது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு 2003-இல், அதாவது நம் சாசனம் பிறந்த ஆண்டிலேயே, பல நாட்டு உடன்பாடுகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையும் இதையே சொன்னது: இலக்குகள் பெரும்பாலும் எட்டப்படுகின்றன, ஆனால் உடன்பாடு இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடியதைத் தாண்டிச் சென்ற எடுத்துக்காட்டுகள் மிகச் சில.

கடைசியாகச் சொன்னது நம் ஆலைகளுக்கும் பொருந்தும் கூர்மையான அளவுகோல். ஒரு வாக்குறுதி நிறைவேறியது என்பதால் மட்டும் உடன்பாடு வென்றுவிடாது. ஆலைக்கு இலாபம் தரும் செயலை ஆலை எப்படியும் செய்திருக்கும். கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் தயாரித்து மின்வாரியத்துக்கு விற்பதில் வரவு உண்டு. ஆவிநீரைச் சுழற்றினால் பம்புச் செலவு மிச்சம். ஆனால் மழைக்காலத்துக்கென்று வெட்டிவைக்கும் தேக்கக் குட்டையும், அரவை இல்லாத மாதத்தில் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்ட ஆகும் மின்கட்டணமும் ஆலைக்குச் செலவு மட்டுமே. அவற்றின் பலன் முழுவதும் ஆலைச் சுவருக்கு வெளியே இருப்பவருக்குப் போகிறது. தன்விருப்பம் என்பதை உண்மையாகச் சோதிப்பவை இந்த இரண்டாம் வகைக் கடமைகளே. வெளியே இருப்பவர் கேட்கும் நிலையில் இல்லாவிட்டால் அவை பின்னுக்குப் போவது இயல்பு. இதில் எந்த ஆலை நிர்வாகத்தின் தீய எண்ணத்தையும் கற்பிக்க வேண்டியதில்லை. ஏற்பாட்டின் அமைப்பே அப்படி.

யார் அமர்ந்தார்கள், யார் அமரவில்லை

சாசனத்தை நிறைவேற்றுவதைக் கண்காணிக்க ஒரு செயற்குழுவும் அதிலேயே சொல்லப்பட்டிருந்தது. மத்திய வாரியம், மாநில வாரியங்கள், வல்லுநர்கள், தொழில்துறை ஆகியோர் அதன் உறுப்பினர்கள். விவசாயிக்கோ ஊராட்சிக்கோ அதில் இடம் இல்லை. கேட்பவர், கொடுப்பவர் என்ற இரு தரப்புக்குள் பேச்சு முடிந்துவிட்டது. கழிவுநீர் யார் ஏரியில் சேருமோ அவர் பேச்சுக்கே வரவில்லை. விழுப்புரத்தில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. அங்கு பதிவு செய்த கரும்பு அந்த ஆலைக்குத்தான் போக வேண்டும். எப்போது வெட்டலாம் என்ற கட்டிங் ஆர்டர் ஆலையிலிருந்து வர வேண்டும். வெட்ட ஒரு மாதம் தள்ளினால் கரும்பு காய்ந்து எடை குறையும், பூ எடுக்கும், அடுத்த பயிருக்கு நிலம் கிடைக்காது. கிணற்று நீர் பழுப்பானதைப் பற்றிப் புகார் எழுத வேண்டியவரே கட்டிங் ஆர்டருக்காக ஆலை வாசலில் நிற்க வேண்டியவர். புகார் வராததை வைத்து மாசு இல்லை என்று முடிவுகட்டும் எந்தக் கண்காணிப்பும் இங்கே தவறான விடையையே தரும்.

மூன்றாம் தரப்பு உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் ஆறும் 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டபோது, பல ஆண்டுப் பேச்சுகளும் கெடுக்களும் ஆற்றைக் காப்பாற்றவில்லை. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகத் திரண்டு வழக்கில் ஒரு தரப்பாக நின்ற பிறகுதான் நிலைமை மாறியது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் வெளியேற்றத்தை அடியோடு நிறுத்தச் சொல்லி, அதுவரை வெளிவிடும் ஒவ்வொரு லிட்டருக்கும் தொகை கட்ட உத்தரவிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அந்த நிலையை ஏற்றது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும் ஆணை வந்தது. அந்த ஆணையால் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்து தவித்ததை மறக்கக் கூடாது. தொடக்கத்திலேயே விவசாயிகளையும் சேர்த்து ஓர் உடன்பாடு எழுதப்பட்டிருந்தால், படிப்படியாகக் குறைக்கும் வழி இருந்திருக்கும்; எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்டும் நிலை வந்திருக்காது. விலக்கப்பட்ட தரப்பு வேறு வாசல் வழியாக வரும்போது அதன் விலை எல்லாருக்கும் கூடிவிடுகிறது.

வெற்றி பெற்ற உடன்பாடுகளையும் பார்க்க வேண்டும். 1964-இல் ஜப்பானின் யோகோஹாமா நகராட்சி, இசோகோ பகுதியில் அமையவிருந்த அனல்மின் நிலையத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை செய்துகொண்டது. அப்போதைய சட்டம் நகராட்சிக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் கைமாற நகராட்சியின் சம்மதம் தேவைப்பட்டது. மேயர் அசுகாட்டா அந்தச் சம்மதத்தையே பிடியாக வைத்துப் பேசினார். அவருக்குப் பின்னால் புகையை எதிர்த்துத் திரண்ட குடியிருப்போர் இருந்தார்கள். சட்டத்தைவிடக் கடுமையான அளவுகளை நிறுவனம் ஏற்றது. அந்த முறை ஜப்பான் முழுவதும் பரவியது. இதுவும் தன்விருப்ப உடன்பாடுதான். வேறுபாடு ஒன்றே: கேட்டவர் கையில் நிலம் இருந்தது, கேட்டவருக்குப் பின்னால் பாதிக்கப்படுவோர் இருந்தார்கள்.

எழும் மறுப்புகள்

பாதிக்கப்படுவோரையும் சேர்த்து, வாக்கைச் சட்டமாக்க வேண்டும் என்பதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் மறுப்பு நிர்வாகத்தைப் பற்றியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் இருக்கும் சிலரால் கல்குவாரி முதல் அரிசி ஆலைவரை எல்லாவற்றையும் பார்க்க முடியாது, ஆகவே நம்பிக்கையின் பேரில் விடுவதே நடைமுறைக்கு ஒத்தது என்பார்கள். ஆள் பற்றாக்குறை உண்மை. ஆனால் அதிலிருந்து அளவே வேண்டாம் என்ற முடிவு வராது. எளிதாக அளக்கக்கூடிய எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே வரும். டன்னுக்கு 100 லிட்டர் அப்படிப்பட்ட எண். கரும்பின் எடை ஆலையின் எடைமேடையில் வண்டி வண்டியாகப் பதிவாகிறது, ஏனென்றால் விவசாயிக்குப் பணம் அதன்படி. வெளியேறும் நீருக்கு ஒரு மீட்டர் போதும். இரண்டு எண்ணையும் அன்றன்று ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் நிற்கும் இடத்தில் எழுதிவைத்தால், வகுத்துப் பார்க்கப் பொறியாளர் தேவையில்லை. 2014 முதல் இணையக் கருவிகள் வந்திருக்கின்றன. ஆனால் எண் வாரியத்தின் கணினிக்குப் போவதும் ஏரிப் பாசனக்காரர் அதைத் தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல. அளப்பவருக்குச் சம்பளம் யார் தருகிறார் என்பதும் முக்கியம். குஜராத்தில் தொழிற்சாலைகளே தம் தணிக்கையாளரைத் தேர்ந்து கட்டணம் தரும் பழக்கத்தை மாற்றி, பொது நிதியிலிருந்து கட்டணம் கொடுத்துக் குலுக்கல் முறையில் தணிக்கையாளரை அனுப்பிப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில் பொய்யான அறிக்கைகள் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தன. ஆலைகளின் மாசும் குறைந்தது.

இரண்டாவது மறுப்பு கூடுதல் வலுவுள்ளது. சட்டமாக்கினால் மட்டும் நடந்துவிடுமா? கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் 15 விழுக்காடு வட்டி என்று 1966 ஆணை சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஆண்டுக்கணக்கில் நிலுவை நின்றதும், மாநில அரசு அறிவித்த பரிந்துரை விலையைத் தனியார் ஆலைகள் முழுதாகத் தராததும், விவசாயிகள் ஆட்சியர் அலுவலகங்கள் முன் திரும்பத் திரும்பப் போராடியதும் எல்லாரும் அறிந்தவை. உண்மைதான். சட்டமும் மீறப்படுகிறது. ஆனால் மீறப்பட்ட சட்டத்துக்கும் மீறப்பட்ட வாக்குக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. நிலுவைக்காரரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. இத்தனை ரூபாய், இத்தனை நாள், இவ்வளவு வட்டி என்று அவர் ஆட்சியர் முன் வைக்கலாம், நீதிமன்றம் போகலாம், சங்கம் சேரலாம். ஆலை 2004-க்குள் வெட்டுவதாகச் சொன்ன தேக்கக் குட்டையை வெட்டாவிட்டால், அந்தச் சாசனத்தை வைத்து ஏரிப் பாசனக்காரரால் எந்த வாசலையும் தட்ட முடியவில்லை. ஒன்றில் உரிமை நிறைவேறாமல் இருந்தது. மற்றொன்றில் உரிமையே பிறக்கவில்லை.

மூன்றாவதாக, நலிந்த ஆலைகளின் நிலையைச் சொல்வார்கள். வறட்சியில் கரும்புப் பரப்பு குறைந்து ஆலைகள் ஓட முடியாமல் தவிக்கும்போது புதிய செலவைச் சுமத்தினால் மூடிவிடுவார்கள்; அப்போது கரும்பு விவசாயியே முதலில் கெடுவார். இந்தக் கவலை நியாயமானது. அதற்கு விடை எண்ணைத் தளர்த்துவதில் இல்லை, அதை அடையும் காலத்தையும் வழியையும் தளர்த்துவதில் இருக்கிறது. உடன்பாட்டின் வலிமையே அந்த நெகிழ்வுதான்: ஓர் ஆலை குட்டை வெட்டலாம், இன்னொன்று நீர்ச் சுழற்சியைக் கூட்டலாம், மூன்றாவது பக்கத்து நிலங்களோடு பாசன ஒப்பந்தம் செய்யலாம். கூட்டுறவு ஆலைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றை நடத்துவது அரசின் சர்க்கரைத் துறை. அவற்றுக்கு இசைவாணை தருவது அரசின் வாரியம். வாக்குக் கொடுப்பதும் அரசு, பெற்றுக்கொள்வதும் அரசு என்ற நிலையில் வெளியாள் ஒருவர் கட்டாயம் வேண்டும். கூட்டுறவு என்ற பெயருக்கே உரிய கரும்பு உறுப்பினர்களும் கீழ்ப்பகுதிக் கிராமங்களும்தான் அந்த வெளியாள்.

நான்காவது மறுப்பு மூன்றாம் தரப்பையே கேள்வி கேட்கிறது. ஆலையைச் சார்ந்த விவசாயி நல்ல விலைக்காக நீரை விட்டுக்கொடுத்துவிட மாட்டாரா? விட்டுக்கொடுக்கலாம். ஆனால் ஏரி நீர் கரும்புக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. நிலமில்லாத கூலித் தொழிலாளியின் மாடு அங்கே நீர் குடிக்கிறது. மீன் குத்தகை எடுத்தவர் அதை நம்பி முதல் போட்டிருக்கிறார். குடிநீர்க் கிணறு கரையை ஒட்டி இருக்கிறது. ஆகவே மூன்றாம் தரப்பு என்பது கரும்பு விவசாயிகள் சங்கத்தோடு நின்றுவிடக் கூடாது. கிராம சபைவரை விரிய வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது கிராம சபை கூடும் நாள்களில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அரவை ஓடிக்கொண்டிருக்கும் காலம் அது. அன்றைய கூட்டத்தில் ஆலையின் அந்தப் பருவத்து நீர்க் கணக்கை வாசிக்க வேண்டும் என்று உடன்பாட்டில் ஒரு வரி எழுத எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை.

திண்டிவனத்துக்கு முன் இருக்கும் வாய்ப்பு

இதற்கான அமைப்பு நம் மாவட்டத்தில் ஏற்கெனவே பாதி நிலையில் இருக்கிறது. கரும்பு விலைக்கும் நிலுவைக்கும் ஆட்சியர் முன்னிலையில் ஆலை நிர்வாகமும் விவசாயிகளும் உட்காரும் முத்தரப்புக் கூட்டம் பழகிய நடைமுறை. மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் நாள் நடக்கிறது. விலைக்கு மூன்று தரப்பு வேண்டும் என்று ஒப்புக்கொண்ட நாம், நீருக்கு மட்டும் இரண்டு தரப்பு போதும் என்று 2003-இல் விட்டுவிட்டோம். முத்தரப்புக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் நீரையும் சேர்த்து, அங்கு ஒப்புக்கொண்ட அளவுகளையும் தேதிகளையும் அடுத்த இசைவாணைப் புதுப்பித்தலில் நிபந்தனையாக எழுதினால், வாக்கு சட்டமாவதற்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டாம். நிபந்தனை விதிக்கும் அதிகாரம் 1974 சட்டத்திலேயே வாரியத்துக்கு இருக்கிறது.

இதே மாவட்டத்துத் திண்டிவனத்தில் இது இன்னும் அவசரம். பெலாகுப்பம், வெண்மணியாத்தூர், கொள்ளார் பகுதியில் மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பூங்காவும் உணவுப் பூங்காவும் உருவாகின்றன. உணவுத் தொழிலின் கழிவு பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவின் உறவு. நஞ்சு குறைவு, அழுகல் அதிகம். திண்டிவனம், வானூர், மரக்காணம் வட்டாரங்களில் பல ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து இறுதியில் கழுவெளியை அடைகின்றன. 5,151.6 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஈரநிலத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மேலே தொழிற்பூங்காவும் கீழே சரணாலயமும் அமைத்த அரசு, இரண்டுக்கும் இடையே உள்ள ஏரிகளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். யோகோஹாமாவின் பிடி இங்கே அப்படியே இருக்கிறது: சிப்காட் நிலத்தை விற்பதில்லை, 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறது. நிலம் இன்னும் அரசின் கையில் இருக்கும்போதே குத்தகைப் பத்திரத்தோடு நீர் உடன்படிக்கை ஒன்றையும் இணைக்கலாம். நிலம் கைமாறிய பிறகு அதே நிபந்தனையைக் கேட்க அரசிடம் இவ்வளவு வலு இருக்காது.

அந்த உடன்படிக்கையில் ஐந்து பிரிவுகள் கட்டாயம் வேண்டும். உற்பத்தி ஒரு டன்னுக்கு இத்தனை லிட்டர் என்று யாரும் வகுத்துச் சரிபார்க்கக்கூடிய ஓர் எண். ஆலையிடம் சம்பளம் வாங்காத ஒருவர் அதை அளப்பது. சுற்றியுள்ள ஊராட்சிகளும் ஏரிப் பாசனதாரர்களும் கையெழுத்திடும் தரப்பாக இருப்பது. மீறினால் புகார் செய்யவும் இழப்பீடு கேட்கவும் அவர்களுக்கு எழுத்துப்பூர்வ உரிமை. ஒப்புக்கொண்ட தேதியில் எண் எட்டப்படாவிட்டால், மறுநாளே அது இசைவாணையின் கட்டாய நிபந்தனையாகிவிடும் என்ற வாசகம். இந்த ஐந்தும் இருந்தால் நேர்மையாக நடக்க விரும்பும் நிறுவனத்துக்கு இழப்பு எதுவும் இல்லை. சொன்னதைச் செய்யும் ஆலையும் செய்யாத ஆலையும் ஒரே பெயரோடு நடமாடும் நிலை நீங்குவது அதற்கு நன்மைதான். 2003-இல் ஆலைகளும் அரசும் சேர்ந்து கண்டுபிடித்த எண்கள் நல்லவை. அவற்றைக் காக்கும் உரிமையை நீரைக் குடிப்பவரிடமும் பாய்ச்சுபவரிடமும் கொடுக்காததே அன்று நேர்ந்த பிழை. திண்டிவனத்தில் அந்தப் பிழை மறுபடி நேராமல் இருக்க, குத்தகைப் பத்திரங்கள் எழுதப்படும் இந்த ஆண்டுகளிலேயே ஊராட்சிகளும் விவசாயச் சங்கங்களும் தமக்குரிய இடத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.